அண்ணி கட்டிய மீன் தொட்டி

மீன் தொட்டியைப் பார்த்தால் மற்றவர்களுக்கு மனசு லேசாகுமாம். எனக்குத் தலை வலிக்கும். போன மாதம் கள்ளக்குறிச்சியில் ஒரு பல் மருத்துவரின் அறைக்கு வெளியே காத்திருந்தேன். சுவரோரத்துக் கண்ணாடித் தொட்டியில் ஆரஞ்சு நிற மீன்கள் ஒய்யாரமாக உலாத்திக்கொண்டிருந்தன. நானோ பல்வலியை மறந்து, குனிந்து தொட்டியின் மூலைகளைப் பார்த்தேன், எங்காவது கசிகிறதா என்று. பக்கத்திலிருந்த பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். என் நாத்தனார் உடன் இருந்திருந்தால் அவரும் அங்கேதான் முதலில் பார்த்திருப்பார்.

அவர் என் கணவருக்கு அக்கா, எனக்கு அண்ணி. நான் கல்யாணமாகி வந்த ஆறாம் மாதம், திருக்கோவிலூரில் வாழப்போன அவர் ஒரு பையோடு பிறந்த வீட்டுக்கு வந்து நின்றார். அவருடைய கணவர் அடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவரும் இல்லை. வேலைக்குப் போகும்போது மனைவியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார், அவ்வளவுதான். இந்த ‘அவ்வளவுதான்’ என் மாமனாருடையது. “சோறு போடறான், துணி எடுத்துத் தரான். பூட்டிக்கினு போறது ஒரு குத்தமா?” என்று கேட்டுவிட்டு, மகளைத் திரும்பக் கொண்டுபோய்விட நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் ரோடு மூடிக்கொண்டது. இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். சின்னசேலம் பக்கமும் பஸ் இல்லை, திருக்கோவிலூர் பக்கமும் இல்லை. மாமனார் தெருக்கதவுக்குத் தாழ்போட்டு ஜன்னல்களையும் சாத்தச் சொன்னார். வீட்டுக்குள் எல்லோருக்கும் மூச்சு முட்டியது, அண்ணியைத் தவிர. “இன்னும் நாலு நாள் அடைச்சி வெக்கட்டும்” என்று என் காதோரம் சொன்னார். பூட்டிய வீட்டிலிருந்து தப்பி வந்தவருக்கு இன்னொரு பூட்டிய வீடு தவணையாக வாய்த்தது.

எங்கள் தெருக்கோடியில் சிறுபிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதை நடத்திய அம்மா அண்ணியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். பிள்ளைகள் பார்க்கப் பெரிதாக ஒரு மீன் தொட்டி வேண்டும். அண்ணி அதைச் செய்து தந்தால், தொட்டியையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளும் வேலை அண்ணிக்கே. மாமனாரும் வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினார். “தண்ணி நின்னா இரு. ஒழுகுச்சின்னா, ரோடு தொறந்த மறுநாளே கெளம்பு.”

கல்யாணத்துக்கு முன்பு அண்ணி, என் கணவரின் மோட்டார் காயில் கட்டும் கடையில் கூடமாட வேலை செய்தவர். காயில் மேல் பூசி இறுகவிடும் எபாக்சிப் பிசின் அங்கே பழகிய பூச்சு. தொட்டிக்கு முன்பக்கம் மட்டும் கண்ணாடி, மற்றதெல்லாம் பிளைவுட். பலகை தண்ணீர் குடித்தால் உப்பிப் பிரிந்துவிடும் என்பதால் உள்பக்கம் முழுக்க எபாக்சி பூச வேண்டும். முதல் நாள் முழுதும் உப்புத்தாளால் தேய்த்தோம். “இனிமே கை வெக்காத. எண்ணெப் பசை இருந்தாக்கூட ஒட்டாது” என்றார் அண்ணி.

கேட்டுக்கொண்டேன். மறுநாள் விடிந்ததும் குளித்துவிட்டு வந்து, புதுப்பலகை ஆயிற்றே, அண்ணியின் நல்ல காரியம் ஆயிற்றே என்று, தொட்டிக்குள் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நல்லெண்ணெயில் குழைத்த குங்குமத்தைப் பெரிதாக வைத்தேன். புது வீட்டு நிலைப்படிக்கு வைப்பதில்லையா, அது போல. குங்குமத்தை நான் அழுக்கில் சேர்க்கவில்லை. ஜன்னல் சாத்திய அறையின் அரையிருட்டில் அண்ணி அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

நான் கலக்க, அவர் பூசினார். பிசினையும் அதை இறுக்கும் ஹார்டனரையும் நிறத்துக்கான பச்சைப் பொடியோடு ஒரு டம்ளர் நிறைய ஆசையாகக் கலந்தேன். பூசத் தொடங்குவதற்குள் அது சூடேறிப் புகைந்து கல்லாகிவிட்டது. கலக்கிய குச்சி நடுவில் விறைப்பாக நின்றது. “கொடி ஏத்திடலாமா?” என்று அண்ணி கேட்க, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். பிறகு கொட்டாங்குச்சியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தேன். அந்த நாற்றத்தில் மண்டை பிளந்தது. தோட்டத்துக் கதவைத் திறந்து, கல்வராயன் மலையைப் பார்த்தபடி மூச்சு வாங்கிக்கொள்வோம். மாமனார் இருமினால் மூடிவிடுவோம்.

மூன்று பூச்சு பூசி, நன்றாகக் காயவிட்டுத் தண்ணீர் நிரப்பினோம். முதல் நாள் ஒரு சொட்டு வெளியே வரவில்லை. அண்ணி பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொண்டு போகப் புடவைகூட எடுத்து வைத்தார். இரண்டாம் நாள் மத்தியானம் அடிமூலையில் வைத்திருந்த செய்தித்தாள் நனைந்திருந்தது. சாயங்காலத்துக்குள் தண்ணீர் கூடம் வரை ஓடி மாமனாரின் காலைத் தொட்டது. அவர் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார். அடுத்த நாள் பஸ் ஓடத் தொடங்கியது. அதற்கு மறுநாள் அண்ணியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர்கள் போன பிறகு ஆத்திரத்தில் தொட்டியின் மூலையைச் சுரண்டினேன். பூச்சு தோலாக உரிந்து வந்தது. அதன் அடியில் என் விரல் அளவுக்குச் சிவப்பு ஒட்டியிருந்தது. நாலு மூலையும் அப்படித்தான். பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மாமனார் மகளைத் திரும்ப அழைத்து வந்திருப்பாரா? மாட்டார். ஆனாலும் சொல்லியிருக்க வேண்டும்.

ஆறு மாதம் பொறுக்க முடியாமல் பொறுத்து, கோயிலுக்கென்று சொல்லித் திருக்கோவிலூர் போனேன். கதவில் பூட்டு தொங்கியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் நின்ற அண்ணியிடம் அழுதபடி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையை வெளியே நீட்டி என் கண்ணைத் துடைத்தார்.

“எனக்குத் தெரியும்மா. பூசறதுக்கு முன்னாடியே பாத்தேன். தொடைக்கலாம்னு துணியகூட எடுத்துக்கினு வந்தேன். கை வரல. அவுரு உசுரோட இருக்கும்போது நான் எப்புடி குங்குமத்த தொடைக்கிறது, நீயே சொல்லு?”

அவர் வருகிற நேரமாகிவிட்டது, கிளம்பு என்று சொல்லி அண்ணி ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.