ஈரப்புடவையும் இதயப் படமும்

1. மார்கழி வெள்ளிக்கிழமை காலை. அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து கன்னியம்மாள் மயிலாப்பூரிலுள்ள எங்கள் மருத்துவமனைக்கு நடந்து வந்தாள்.
2. இதயத் துடிப்பைப் படமாக எழுதும் இயந்திரத்தில் அவளைப் பதிவு செய்தேன். அதை இயக்குவதுதான் என் வேலை.
3. ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால் கோடு முழுக்க நடுக்கம்.
4. "இதயம் கெட்டிருக்கிறது, பிள்ளை பெறக்கூடாது" என்று எழுத டாக்டர் பேனாவைத் திறந்தார்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடமாகியும், நான் வாய் திறந்தால் இந்த ஊர் என்னை மலையாளி என்றே முடிவு செய்கிறது. அன்று அவள் கைகால்களில் உப்புநீர்த் துணியைச் சுற்றும்போதும் அப்படித்தான்.

"பயப்படாதேங்கோ, இது உங்கட நெஞ்சு துடிக்கிறதை மட்டுந்தான் எழுதும்" என்றேன்.

"மலையாளமாம்மா நீ? கரண்டு கிரண்டு உட்டுடாத தாயே. புள்ள பெத்துக்கலாம்னு மட்டும் எய்திக் குடு. இல்லாங்காட்டி எங்க மாமியா வேற பொண்ணு பாத்துடும். இப்பவே பாத்துக்கினுதான் கீது!"

சிறுவயதில் வரும் மூட்டுக் காய்ச்சல் இதய வால்வை எப்படிக் கெடுக்கிறது, அதை முன்னரே கண்டு காப்பது எப்படி என்பதுதான் எங்கள் ஆய்வு. கன்னியம்மாளுக்கும் அந்தக் காய்ச்சல் வந்திருந்தது. ஆளைப் பார்த்தால் மனம் ஒரு பக்கம் சாயும் என்பதால் டாக்டர் முதலில் படத்தை மட்டுமே பார்ப்பார். ஆனால் துணி சுற்றும்போது நான் அவள் நாடியைப் பிடித்திருந்தேன். அது கடிகாரம் போல ஒழுங்காக ஓடியது. அவள் கைதான் சில்லிட்டிருந்தது.

டாக்டர் பேனாவைத் திறந்தபோது அம்மாவின் ஞாபகம் வந்தது. நான் பரீட்சை எழுதிய நாளில் அவர் குளித்த ஈரச்சேலையோடு கோயிலைச் சுற்றிவிட்டு வந்தார். உடம்பு நடுங்கிய நடுக்கத்தில் கையிலிருந்த தேத்தண்ணீர் பாதி தரையில் சிந்தியது. எங்கள் வீட்டில் அதை வருத்தம், அதாவது நோய், என்று யாரும் சொல்லவில்லை, குளிர் என்றுதான் சொன்னோம்.

திரும்பிப் போய்க் கன்னியம்மாளின் முந்தானையைத் தொட்டேன். சொட்டச் சொட்ட ஈரம். உப்புநீர்த் துணி நனைத்தது என்று நினைத்திருந்தேன்.

"வேண்டுதலும்மா. மிசினு நல்லதா சொல்லணும்னு இங்க கோயில் கொளத்துல முங்கி ஒம்போது சுத்து சுத்தினேன்."

டாக்டரிடம் சொல்லி, இன்னொரு படம் எடுக்கக் கேட்டேன். "யுத்தகாலத்துல ஃபிலிம் கிடைக்கறதே அபூர்வம். உனக்கு நிச்சயந்தானா?" என்றார்.

"நிச்சயம், டாக்டர். நடுங்கினது இதயமில்லை, குளிரில தசை. மெஷின் அதையும் சேர்த்து எழுதிப்போட்டுது."

மருந்துக்கறை படும் என்று நான் மாற்றுக்கு வைத்திருந்த சேலையை, அம்மா ஊரிலிருந்து அனுப்பியதை, அவளுக்கு உடுத்தினேன். சூடாகக் காப்பி கொடுத்து அரைமணி நேரம் வெயிலில் உட்காரவைத்தேன். இரண்டாவது படத்தில் ஒவ்வொரு துடிப்பும் தனித்தனியாக, தெளிவாக எழுந்து நின்றது. டாக்டர் அவளை நேரில் அழைத்து மார்பிலும் குழல் வைத்துக் கேட்டார். பிறகு பேனாவைத் திறந்து, "பெறலாம்" என்று எழுதினார்.

அந்த வாரமே பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். நடுங்கிய கோடுகளில் பல, குளித்துக் கோயில் சுற்றிவிட்டு வரும் வெள்ளிக்கிழமைப் பெண்களுடையவை. அவர்களைத் திரும்ப வரவழைத்தோம். இப்போது ஆய்வுப் பதிவேட்டில் பெயர், வயது, காய்ச்சல் வந்த ஆண்டு ஆகியவற்றை அடுத்து என் கையெழுத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: உடுப்பு ஈரமா? டாக்டர் அதைத் தட்டச்சில் ஏற்றச் சொல்லிவிட்டார்.

கன்னியம்மாளுக்கு இது ஐந்தாம் மாதம். மாமியார் பெண் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். ஆற்றங்கரையில் என் பெயர் இன்னும் மலையாளத்தம்மாதான். யாழ்ப்பாணத்துச் சேலை அங்கேதான் இருக்கிறது, நான் திருப்பிக் கேட்கவில்லை.