உம்மா நம்பாத ஓர் உலகம்

கல்முனை நூலகத்திலிருந்து எடுத்துவந்த நாவலை இன்று முடித்துவிட்டேன். இணை உலகங்களுக்குள் போய்வரும் பதின்வயதுப் பெண் ஒருத்தியின் கதை. இளையோருக்கானதாம். அடுப்பில் மகளின் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் வாசித்தேன்.

கதையில் வரும் அந்தப் பெண் பயம் தீர்ந்த பிறகு அடுத்த உலகத்தின் கதவைத் திறப்பதில்லை, பயந்துகொண்டேதான் திறக்கிறாள். அந்த இடத்தை இரண்டு தரம் வாசித்தேன். என்னமாய் எழுதியிருக்கிறார் அந்த எழுத்தாளர்!

பின்னேரம் உம்மாவுக்குக் கதையைச் சொன்னேன். இரண்டு சூரியன், கதைக்கிற மரம் எல்லாவற்றுக்கும், "ஓம், அல்லாஹ் நாடினா அதுவும் இரிக்கும்" என்றபடி வெற்றிலை மடித்தார்.

ஓர் உலகத்தில் அந்தப் பெண்ணின் மூத்த சகோதரி கலியாணம் முடித்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறாள் என்றேன். வெற்றிலை கையிலேயே நின்றது.

"உம்மாட ஊட்ட உட்டுட்டுப் பொண்ணு போறதா? என்னகா புள்ள, பொய்க்கதை கதைக்காய்! எந்த உலகமெண்டாலும் மாப்புளதானே நம்மட ஊட்ட வரோணும்?"

மகளின் வாப்பாவுக்குக் கொழும்புக்கு இடமாற்றம் வந்திருக்கிறது. உம்மாவின் வீட்டை விட்டு நானும் மகளும் அவரோடு கூடப் போகிறோம். அதைச் சொல்லத்தான் கதையையே தொடங்கினேன். சொல்லாமல் எழும்பி வந்துவிட்டேன்.

இரண்டு சூரியனை நம்பிய உம்மாவைக் கொழும்பை நம்பவைக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.