சாய்ந்ததைத் தொடாதவர்

ஒரகடத்தில் எங்கள் கம்பெனி கேட்டில் நின்ற செக்யூரிட்டிக்கு வேதாரண்யம் பக்கம் சொந்த ஊர். ஒடிசலான உடம்பு, அதற்கு இரண்டு சுற்றுப் பெரிய யூனிபார்ம் சட்டை. கீழே விழுந்த எதையும் அவர் நகர்த்தமாட்டார். பூந்தொட்டி கவிழ்ந்தால்கூட, மேலதிகாரி வந்து பார்க்கும்வரை பக்கத்திலேயே காவல் நிற்பார். நாங்கள் கேலி செய்து சிரிப்போம்.

போன புயலின்போது ஒரு காலையில் வேப்பங்கிளை முறிந்து கேட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது. ஷிப்டுக்கு வந்த நாங்கள் வெளியே நனைந்துகொண்டிருந்தோம்.

“இன்னாண்ணே, ஓரமா இழுத்துப் போட்டுடலாமா?” என்று குனிந்தேன்.

“தொடாதீங்க தம்பி!” என்று கத்தினார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

“எங்க ஊர்ல அடிச்ச புயல்ல என் தென்னை அத்தனையும் சாஞ்சிடுச்சு. அதப் பாத்துப் பாத்து எம் பொண்டாட்டி சோறே திங்கல. அவளுக்காக மறுநாளே அறுத்து அப்புறப்படுத்திட்டேன். கணக்கெடுக்க வந்தவங்க மரம் எங்கன்னாங்க. குழியக் காட்டினேன். குழிக்கெல்லாம் நிவாரணம் எழுத முடியாதுன்னுட்டாங்க.”

“அண்ணி இப்ப எங்க கீறாங்க?”

“அந்தக் குழியப் பாத்துகிட்டு அங்கயேதான் கெடக்கா.”

சூப்பர்வைசர் வந்தார். கிளையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. “வெட்டிப் போடுய்யா, டைம் ஆவுது” என்று போனைக் காதில் வைத்தபடி போய்விட்டார்.

செக்யூரிட்டி அரிவாளை எடுத்து வந்தார். முதல் வெட்டு போடுவதற்கு முன் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க பாத்தீங்கல்ல தம்பி?”

“பாத்தேண்ணே” என்றேன்.

நான் பார்த்து என்ன ஆகப்போகிறது.