எங்கள் தெருவை நான் அழித்த சனிக்கிழமை

பத்து வயதில் நான் எங்கள் தெருவை முழுசாக அழித்தேன். பென்சிலால்தான். ஆனாலும் அந்தச் சனிக்கிழமையை நான் இன்னும் மறக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு எழுத்தாளரைப் பிரித்துக் கொடுத்து, அவருடைய வாழ்க்கையையும் எழுதிய விதத்தையும் பற்றிப் பேசச் சொல்லியிருந்தார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு முயலையும் நாயையும் பற்றி எழுதியவர்கள் கிடைக்க, எனக்கு வாய்த்தவர் நூறு வருடத்துக்கும் மேல் பழைய ஓர் ஆங்கிலேயர். விமானமே பறக்காத காலத்தில், வானத்திலிருந்து இயந்திரங்கள் இறங்கி ஊர்களை எரிப்பதாகக் கதை எழுதியவர். சின்ன வயதில் வறுமை, கடையில் எடுபிடி வேலை, ஓயாத நோய் என்று அவருடைய வாழ்க்கை எனக்குக் கொட்டாவியைத்தான் வரவழைத்தது. ஒரேயொரு வரி என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. கதை எழுதுமுன் மனுசன் சைக்கிளில் தன் ஊரைச் சுற்றி, எந்தெந்த இடத்தை எப்படி அழிக்கலாம் என்று பார்த்துக்கொண்டு வருவாராம்.

என்னிடமும் சைக்கிள் இருந்தது. நாங்கள் குடியேறியிருந்த நார்த்மீட்டில் வீடுகளுக்கா பஞ்சம்? கொப்பியில் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினேன். இலக்கம் பதினான்கு, நாலு மணிக்கு இரண்டு பேர் இருப்பார்கள், பின்கதவு மரம், முதலில் எரியும். இலக்கம் பத்தொன்பது, வயதான பெண், தனியே, நாய் இல்லை, தப்பமாட்டார். இப்படியே தெரு முழுவதையும் முடித்தேன். எங்கள் வீட்டை மட்டும் விட்டுவிட்டேன். கதை சொல்ல ஒருத்தியாவது உயிரோடு இருக்க வேண்டாமா?

அந்தக் கொப்பியைத்தான் வழியில் எங்கேயோ தொலைத்தேன்.

அப்போது அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடு இருந்தார். ஊரிலிருந்து படகில் அகதியாக வந்தவர். விசா முடிவுக்காக மூன்று வருடமாகக் காத்திருந்தார். அந்த முடிவுக் கடிதம் வரும்வரை எங்கள் வீட்டில் தும்முவதென்றாலும் யோசித்துத்தான் தும்ம வேண்டும். ஆளில்லாத தெருவிலும் பச்சை விளக்கு வரும்வரை மாமா நிற்பார். குப்பைத் தொட்டி கோணலாக நின்றால் ஓடிப்போய் நேராக்குவார். வாசலுக்கு ஒரு பொலிஸ்காரர் வந்தால் போதும், எல்லாம் போய்விடும் என்று பயந்தார். அந்தப் பயம் எனக்கும் தொற்றியிருந்தது.

அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருந்ததால் மாமாவிடம்தான் சொன்னேன். கொப்பியில் என்ன இருக்கிறது என்பதையும் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஆரார் வீட்டு இலக்கமெல்லாம் எழுதினனி?"

"எல்லாற்றையும்."

தெருவை இரண்டு முறை சுற்றித் தேடினோம். பிறர் புல்வெளியில் மாமா கால் வைக்கமாட்டார். நான் புதர்களுக்குள் குனிந்து தேட, அவர் நடைபாதையில் நின்று வேர்த்தார். ஒரு வெள்ளைக் கார் எங்களைத் தாண்டி மெதுவாகப் போனபோது என் கையை இறுக்கிப் பிடித்தார். எனக்கு வலித்தது. சொல்லப் பயமாக இருந்தது.

பின்னேரம் கதவு தட்டப்பட்டது. பத்தொன்பதாம் இலக்கத்துப் பெண்மணி, கையில் என் கொப்பி. தன் தபால்பெட்டிக்குக் கீழே கிடந்ததாம். தான் தப்பமாட்டேன் என்று எழுதியது அநியாயம், தன்னால் இன்னும் நன்றாக ஓட முடியும் என்று சிரித்தார். மாமாவுக்கு அந்தச் சிரிப்பு காதில் ஏறவில்லை. சின்னப் பிள்ளை, பள்ளிக்கூட வேலை என்று தெரிந்த ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிக் கைகூப்பினார். அந்தப் பெண்மணிதான் பாவம், என்ன பிழை செய்தோமோ என்று பதறிப்போய், அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மாமா குசினிக் கதிரையில் அமர்ந்து ஒவ்வொரு பக்கமாக வாசித்தார்.

"இதை ஆரிட்டைக் குடுக்கப்போறாய்?"

"ரீச்சரிட்டை."

"எங்கட இலக்கம் எங்கை?"

"நாங்கள் தப்பீட்டம் மாமா," என்றேன். சந்தோசப்படுவார் என்றுதான் நினைத்தேன்.

அவர் என் பென்சிலை வாங்கி, கடைசி வரிக்குக் கீழே எங்கள் இலக்கம் இருபத்தேழை எழுதினார். பக்கத்தில், நாலு பேர் என்று எழுதினார்.

"இப்ப குடு," என்றார்.

எனக்கு வந்ததே கோபம். எல்லாரும் செத்துப்போனால் கதையை யார் சொல்வது? திங்கட்கிழமை வகுப்பில் றப்பரை எடுத்து அந்த வரியைத் தடம் தெரியாமல் அழித்துவிட்டுத்தான் கொப்பியைக் கொடுத்தேன். பேச்சுக்கு எல்லாரும் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் மாமா கேட்டது கைதட்டலைப் பற்றியல்ல. எங்கட இலக்கத்தோடைதானே குடுத்தனி என்று கேட்டார். ஓம் என்றேன். இரண்டு நாளுக்குப் பிறகு அன்றுதான் அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

சில வருடங்கள் கழித்து விசா கிடைத்தது. போன வருடம்தான் அம்மா எனக்கு மிச்சத்தைச் சொன்னார். மாமாவுக்கு எட்டு வயதாக இருந்தபோது நடந்த கலவரத்தில், கொழும்பில் அவர்களுடைய ஒழுங்கைக்கு வீடுகளை எரிக்க வந்தவர்கள் கையில் ஒரு தாள் இருந்ததாம். தமிழர்களுடைய வீட்டு இலக்கங்கள், ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர் என்ற விவரம். அவர்கள் போன பிறகு அந்தத் தாள் வாசல் படலையடியில் கிடந்திருக்கிறது. அந்தக் கையெழுத்து மாமாவுக்குத் தெரிந்ததுதான். அவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த பக்கத்து வீட்டு அண்ணாவின் எழுத்து.

அந்த அண்ணாவின் வீடு தாளில் இல்லை. என் கொப்பியில் எங்கள் வீட்டைத் தேடியபோது, நாங்களும் அந்த அண்ணாவைப் போல ஆகிவிடுவோமோ என்று மாமா பயந்தது எனக்கு அன்று விளங்கவில்லை. அவர் எழுதிய இலக்கத்தை நான் அழித்துவிட்டதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.