சப்பாத்திக்கு இன்னொரு பேர்

சில வருஷங்களுக்கு முன்பு, ஒரு மே மாத மத்தியானம், வாளையாறு செக்போஸ்ட் பக்கத்தில் நடந்தது இது.

என் கணவருக்குக் காலில் சர்க்கரைப் புண். கட்டு மாற்றுவதற்காக வாரா வாரம் அவரைப் பாலக்காட்டிலிருந்து கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் வந்துகொண்டிருந்தேன். போக ஒரு பஸ், வர ஒரு பஸ், நடுவில் நாள் முழுக்க வரிசை. பிள்ளைகள் இருவரும் கல்ஃபில். போன் போட்டால் "அத்தாவ நல்லாப் பாத்துக்கங்கம்மா" என்பார்கள். பார்த்துக்கொள்ளாமல் வேறென்ன செய்துகொண்டிருக்கிறேனாம்? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சொன்னவர், நோயாளியோடு கூடவே அலைகிறவளைப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

அன்று நாங்கள் திரும்பும்போது கேரளாவில் திடீர் ஹர்த்தால். பஸ் எங்களை எல்லைப் பாலத்துக்கு முன்னாலேயே இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டது. அந்தப் பக்கம் போனால் ஜீப் கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரு கையில் அவரைத் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையில் அவருடைய செருப்பு, தோளில் ஆஸ்பத்திரிப் பை என்று பாலத்தைக் கடந்தேன். வந்து பார்த்தால் ஜீப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. டீக்கடைகள்கூட ஷட்டரை இறக்கியிருந்தன. சாலையோரம் லாரிகள் மட்டும் வரிசையாக நின்றன. ஒரு போலீஸ்காரர், "இத்தா, வைகுன்னேரம் வரெ வண்டி இல்லா" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு நிழல் தேடிப் போய்விட்டார். சாயங்காலம் வரை வண்டி கிடையாது. அந்தக் காலோடு அவரைத் திரும்ப நடக்க வைக்கவும் முடியாது.

காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு இட்லி சாப்பிட்டதோடு சரி, அதற்குப் பிறகு அவருக்குச் சாப்பாடு இல்லை. பையில் நான் எப்போதும் வைத்திருக்கும் பிஸ்கட்டும் மிட்டாயும் ஆஸ்பத்திரி வரிசையிலேயே தீர்ந்துவிட்டன. அவருக்குக் குப்பென்று வியர்த்தது. விரல் நடுங்கியது. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வந்தது. சர்க்கரை இறங்குகிறது என்று புரிந்துவிட்டது. இப்படி ஒரு தடவை வீட்டில் நினைவு தப்பி விழுந்தவர் அவர். 

அப்போதுதான் இரண்டு லாரிகளுக்கு நடுவே தார்ப்பாய் கட்டி அடுப்பு எரிவதைப் பார்த்தேன். தலைப்பாகை கட்டிய பஞ்சாபி டிரைவர்கள், சீக்கியர்கள். வழியில் மாட்டிக்கொண்டவர்கள்தான் அவர்களும். கோயம்புத்தூரில் கடை வைத்திருக்கும் அவர்களுடைய ஆட்கள் சிலர் வேனில் மாவும் பருப்பும் அண்டாவும் கொண்டுவந்திருந்தார்கள். அவர்கள் குருத்வாராவில் போடுவது போல, வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் காசில்லாமல் சாப்பாடு. எங்கள் பஸ்ஸில் வந்த கூட்டம் ஏற்கெனவே தரையில் விரித்த பாயில் உட்கார்ந்திருந்தது. செருப்பைக் கழற்ற வேண்டும், தலையை மூட வேண்டும், அவ்வளவுதான் சட்டம். முக்காடு இல்லாதவர்களுக்குக் கைக்குட்டை கொடுத்தார்கள். எங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. என் தலையில் முக்காடு, அவர் தலையில் தொப்பி.

அவரை உட்காரவைத்தேன். ஒரு டிரைவர் கூடையில் சப்பாத்தியோடு, "பிரஷாதா ஜீ, பிரஷாதா!" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

வந்தது வினை. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் பக்கத்திலிருந்த, எங்கள் பஸ்ஸில் வந்த வடகரப்பதி ஊர்க்காரர் சப்பாத்தியை வாங்கிக் கண்ணில் ஒற்றி, ஓரத்தில் ஒரு துணுக்குக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, மிச்சத்தை பயபக்தியோடு அடுத்தவரிடம் நீட்டினார். அவரும் அப்படியே செய்தார். ஒரு முழுச் சப்பாத்தி திருநீறு போல வரிசையில் கைமாறிப் போனது. கொடுத்த டிரைவர் ஒன்றும் புரியாமல் நின்றார்.

என் கணவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"வேண்டாம் புள்ளே. பிரசாதமாம்."

நாங்கள் ராவுத்தர்கள். கடைத்தெருவில் எல்லாருடனும் நல்லபடியாகப் பழகுகிறவர்தான் அவர். ஆனால் சாமிக்குப் படைத்ததைச் சாப்பிட மாட்டார். அது அவருடைய ஈமான், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் அன்றைக்கா?

"உசுரு போற நேரத்துல எல்லாம் ஆகுமுங்க. சும்மா வாயத் தொறங்க" என்றேன்.

"மாட்டேன்." குழறிய நாக்கிலும் அந்த ஒரு சொல் மட்டும் தெளிவாக வந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் சப்பாத்தியைப் பிய்த்து அவர் வாயில் திணித்திருப்பேன். பயம், வெயில், அலுப்பு எல்லாம் சேர்ந்து கத்திவிட்டேன். பாயில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுப்படியிலிருந்து ஒரு அம்மாள், துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு, மாவுக் கையோடு ஓடி வந்தார். இந்தியில்தான் பேசுவார் என்று நினைத்தேன்.

"ஏனுங்க, என்னாச்சுங்க?" என்றார், சுத்தமான கோயம்புத்தூர் தமிழில்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் அவசரப்படுத்தவில்லை, "பரவால்ல, சாப்பிடுங்க" என்றும் சொல்லவில்லை. என் கணவருக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தார்.

"அய்யா, இது சாமிக்குப் படைச்சது இல்லீங்க. எங்களுக்குச் சிலையே கெடையாதுங்களே. சப்பாத்திக்கே நாங்க பிரஷாதான்னுதானுங்க சொல்லுவோம். ஊட்டுலயும் அப்படித்தான். ஆண்டவன் குடுத்ததுன்னு ஒரு நன்றி, அவ்வளவுதானுங்க. நான் கோயமுத்தூர் உக்கடத்துல பொறந்து வளந்தவ. எங்க பக்கத்தூட்டுல பிஸ்மி சொல்லாமச் சோத்துல கை வெக்க மாட்டாங்க. அந்த மாதிரிங்க." சற்று நிறுத்தி, "அப்பவும் மனசு ஒப்பலீன்னா விட்டுருங்க, சக்கர தூக்கலா டீ போட்டுத் தர்றேன்" என்றார்.

என் கணவர் அந்த அம்மாளையே பார்த்தார். எனக்கோ ஒவ்வொரு நொடியும் உயிர் போனது.

"அப்ப இது ரிஸ்க்" என்றார் மெல்ல. இறைவன் அளந்த உணவுக்கு நாங்கள் சொல்லும் பேர் அது. "டீயும் குடுங்கம்மா."

முதலில் டீ, பிறகு பருப்பில் தோய்த்த சப்பாத்தி. பிஸ்மி சொல்லித்தான் ஆரம்பித்தார். அந்த அம்மாள் வரிசையைப் பார்த்து, "அய்யோ, கிள்ளிக் குடுக்காதீங்க, ஆளுக்கு வேணுங்கறத வாங்கிச் சாப்பிடுங்க" என்று சிரிக்க, வடகரப்பதிக்காரரும் அசடு வழியச் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் என் கணவரின் வியர்வை அடங்கியது. பருப்பில் உப்பு போதாது என்று அவர் குறை சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

நான் அவர் பின்னால் நின்று முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் கூடையோடு என்னிடம் வந்தார். என் தோளில் பை, ஒரு கையில் கணவரின் செருப்பு. இன்னொரு கையை நீட்டினேன். அவர் சப்பாத்தியைப் போடவில்லை.

"ரெண்டு கையும் நீட்டோணுமுங்க. எங்க வழக்கம். அதும் உக்காந்துதான்."

"இருக்கட்டுங்க, அவரு சாப்பிட்டு முடிக்கட்டும்."

"அவரு சாப்பிடறாருங்க. நீங்க அதெல்லாம் கீழ வெய்ங்க."

அவசரம் இல்லாமல் அப்படியே நின்றார். செருப்பைக் கீழே வைத்தேன். பையைத் தோளிலிருந்து இறக்கினேன். தோளில் அதன் வார் பதிந்த இடம் எரிந்தது. உட்கார்ந்து இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினேன். சூடான சப்பாத்தி வந்து விழுந்ததும் கண்ணீர் எங்கிருந்துதான் வந்ததோ, அத்தனை பேர் நடுவில் அழுதுவிட்டேன். அந்த அம்மாள் இன்னொரு சப்பாத்தியை வைத்துவிட்டு, "பிரஷாதா ஜீ" என்று அடுத்தவரிடம் போய்விட்டார்.

என் கணவருடைய கால் புண் ஆற இன்னும் பல மாதங்கள் ஆயின. அலைச்சலும் குறையவில்லை. ஆனால் அன்றிலிருந்து, எவ்வளவு அவசரம் என்றாலும், நின்றுகொண்டே ஒற்றைக் கையால் அள்ளிப் போட்டுக்கொள்வதை விட்டுவிட்டேன். பசி என்பது எனக்கும் உண்டு என்பதை அந்த அம்மாள்தான் எனக்கு நினைவுபடுத்தினார்.