பேய் இல்லை என்று பேசப் போன கதை

தமிழ்ப்பள்ளி ஆசிரியர் வேலையில் பாடம் நடத்துவதெல்லாம் சுலபம். பேச்சுப் போட்டிக்கு ஒரு பிள்ளையைத் தயார் செய்வதுதான் தலையெழுத்து. ஆசிரியர் கூட்டத்தில் யார் தும்முகிறாரோ அவர் தலையில் அந்த வேலை விழும். இந்த வருடம் தும்மியது நான். என்னைப் போல் தும்மித் தொலைத்தவர்கள் எல்லா ஊரிலும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு நம் கஷ்டம் எங்கே புரியப் போகிறது!

தலைப்பு வந்தது

வழக்கமாக 'சுத்தம்', 'ஒற்றுமை', 'நூலகத்தின் பயன்' என்று வரும். பழைய உரையைத் தூசி தட்டி ஒப்பேற்றிவிடலாம். இந்தத் தடவை ஏற்பாட்டாளர்களில் யாருக்கோ கற்பனை பொங்கிவிட்டது. 'நாட்டுப்புறக் கதைகளில் பேய்: உண்மையா, கற்பனையா?' சீட்டுக் குலுக்கியதில் எங்கள் பள்ளிக்குக் 'கற்பனை' விழுந்தது.

தலைமையாசிரியை கடிதத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். சாயங்காலம் எல்லாரும் போன பிறகும் தனியாக உட்கார்ந்து வேலை பார்க்கிறவர், பாவம். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "'அது' இல்லவே இல்லைன்னு நல்லா அடிச்சுப் பேசச் சொல்லுங்க டீச்சர். ஆனா பயிற்சி மட்டும் என் ரூம் பக்கம் வேணாம்."

அரைப் பேச்சு

ஐந்தாம் ஆண்டு தாரணியை நான் கேட்டிருக்கவே மாட்டேன். போன வருடம் 'சுத்தம்' பற்றிப் பேசப் போனவள் அவள். பாதி வரை மணி மணியாகச் சொன்னாள். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த வேறு பள்ளிப் பிள்ளைகள் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவ்வளவுதான், இவள் வாய் அடைத்துக்கொண்டது. மேடையிலிருந்து இறங்கி ஓடியே போய்விட்டாள். அன்றிலிருந்து வகுப்பில் அவளுக்குப் பெயர் 'அரைப் பேச்சு'. ஆசிரியர் பெயர் கூப்பிட்டு இவள் "இருக்கேன்" என்று சொன்னால், பின்னால் முகேன் என்றொரு வாலு "மீதி எங்கே?" என்பான். வகுப்பே கொல்லென்று சிரிக்கும். அவனை எத்தனை முறை வெளியே நிறுத்தியும் பயனில்லை.

அப்படிப்பட்ட பிள்ளை தானாக என் மேசைக்கு வந்து நின்றது. "ஏம்மா, மறுபடியும் வேணுமா இது?" என்றேன். அவள் என் மேசை விரிப்பைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்: "பரிசெல்லாம் வேணாம் டீச்சர். கடைசி வரியச் சொல்லிட்டு இறங்கணும், அவ்ளோதான்."

எது இல்லை?

ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு உரை எழுதிக் கொடுத்தேன். வீட்டில் மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பித்தாள் பாருங்கள்: "அவையோரே! அது இல்லை. அதை யாரும் பார்த்ததில்லை. அதற்குக் கால் இல்லை என்பார்கள். அதுவே இல்லாதபோது அதற்குக் கால் எதற்கு?"

"எதுடி இல்லை?" என்று கத்தினேன். "அதான் டீச்சர், அது" என்றாள். வீட்டுக்குள் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாதென்று அப்பாவின் உத்தரவாம். அவர் ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறார். நடு ராத்திரியில் ஷிப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் தனியாகக் கடல் பாலத்தைக் கடந்து ஆயர் ஈத்தாமில் இருக்கும் வீட்டுக்கு வர வேண்டும். நான் கொஞ்சம் சூடாகவே போன் போட்டுப் பேசினேன். படித்த காலத்தில் இதென்ன அண்ணே என்று பொரிந்து தள்ளினேன். மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது இல்லன்னு எனக்கும் தெரியும் டீச்சர். ஆனா அதுக்குத் தெரியணுமே லா!"

சயன்ஸ் சார்

துணைக்கு ஆள் வேண்டுமே என்று அறிவியல் ஆசிரியர் சேகர் சாரைப் பிடித்தேன். நிழல், காற்று, மூளையின் விளையாட்டு என்று அருமையாக ஒரு பத்தி எழுதிக் கொடுத்தார். சந்தோஷம் தாங்காமல் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்: "ஏன் சார், பள்ளி முகாம்ல கூடாரம் போடும்போது அந்தப் பெரிய மரத்துக்கிட்ட கையக் கட்டிக்கிட்டு அனுமதி கேட்டது நீங்கதானே?" சார் அசரவில்லை. "அது வேற, இது வேற டீச்சர். இது சயன்ஸ். அது மரியாதை."

இலவச மேடை

பள்ளி மண்டபத்தில் பூப்பந்துப் பயிற்சி. வீட்டில் தடை. ஆகஸ்டும் வந்துவிட்டது, போட்டி நெருங்குகிறது. பிள்ளைக்கு நின்று பேச இடமில்லையே என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது, "டீச்சர், எங்க பிளாட்டுக்கு வாங்க, இடம் கிடைச்சிருச்சு" என்றாள்.

போய்ப் பார்த்தால், பிளாட்டுக்குக் கீழே சீனர்களின் ஏழாவது மாதப் பலகை மேடை. பசித்த ஆவிகளுக்கு விருந்து வைத்துப் பாட்டுக் கச்சேரி நடத்துகிற மாதம் அல்லவா! கச்சேரி இருட்டிய பிறகுதான். சாயங்காலத்தில் மேடை சும்மா கிடக்க, பொறுப்பாளர் அங்கிள் இவளை ஏறிப் பேச விட்டிருக்கிறார். தொண்டை கிழிய "பேய் இல்லை!" என்று முழங்கிக்கொண்டிருந்தாள். பெயரையே சொல்லிவிட்டாள்! உச்சி குளிர்ந்துபோய் நான் முன் வரிசைச் சிவப்பு நாற்காலியில் உட்காரப் போனேன். அங்கிள் ஓடி வந்து தடுத்தார். முன் வரிசை முழுக்க 'அவர்களுக்கு' ஒதுக்கியதாம், மனிதர்கள் உட்காரக் கூடாதாம். மூன்று வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தேன்.

உரை முடிந்ததும் தாரணி இறங்கி வந்தாள். "முன் வரிசையப் பாத்துப் பேசுனா பயமே வரல டீச்சர். அவங்க சிரிக்க மாட்டாங்க" என்றாள். "அவங்கதான் இல்லவே இல்லைன்னு பேசுறியேடி!" என்றேன். கொஞ்சமும் யோசிக்காமல் பதில் வந்தது: "ஆமா டீச்சர், இல்ல. அதான் சிரிக்க மாட்டாங்க."

அன்று நடந்தது

போட்டி மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதலில் நாற்காலிகளைத்தான் பார்த்தேன். முன் வரிசையில் வெள்ளை உறை போட்ட நாற்காலிகள், பிரமுகர்களுக்கு. அவர்கள் வந்து உட்கார்ந்தால் என் பிள்ளை யாரைப் பார்த்துப் பேசும்? நல்ல வேளையாக நம் பிரமுகர்கள் என்றைக்கு நேரத்துக்கு வந்திருக்கிறார்கள்! தாரணி மேடை ஏறியபோது வரிசை காலி. பெண் பிளந்து கட்டினாள். கைதட்டுவதற்காகப் பள்ளி வேனில் கூட்டி வந்திருந்த வகுப்புப் பிள்ளைகளில் முகேன்கூட வாயைத் திறந்துகொண்டு கேட்டான்.

இன்னும் நாலே வரி. கதவு திறந்தது. டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர், பரிவாரத்தோடு வந்து, நடு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, மேடையைப் பார்த்துப் பல்லைக் காட்டிச் சிரித்தார்.

தாரணி நின்றுவிட்டாள். போன வருடம் அப்படியே என் கண் முன்னால் வந்தது. தண்ணிமலை முருகா, இந்தப் பிள்ளையைக் கைவிட்டுவிடாதே, தேங்காய் உடைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அவள் ஓடவில்லை. இரண்டு கையையும் கூப்பினாள். "ஐயா, மன்னிக்கணும். அங்க ஏற்கெனவே ஆள் உக்காந்திருக்காங்க."

டத்தோ உட்கார்ந்த வேகத்தைவிட எழுந்த வேகம் அதிகம். பரிவாரமும் கூடவே துள்ளி எழுந்து இரண்டாவது வரிசைக்குத் தாவியது. மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. தாரணி அது அடங்கும்வரை பொறுமையாக நின்றாள். காலி நாற்காலிகளைப் பார்த்தாள். "ஆகவே, பேய் என்பது நம் கற்பனையே என்று கூறி விடைபெறுகிறேன். நன்றி, வணக்கம்!" என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு படியாக நடந்து இறங்கினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

பரிசு கிடைக்கவில்லை. எந்தப் பக்கத்துக்கு மதிப்பெண் போடுவதென்று நடுவர்களுக்கே குழப்பமாம். திரும்பும்போது பள்ளி வேனில் முகேன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து வந்தான். தாரணிதான் அவன் பக்கம் திரும்பினாள்: "மீதி கேட்டுச்சா?"

பேய் இல்லை என்று ஊருக்கு நிரூபிக்க இவ்வளவு பாடுபட்ட நான், அன்று சாயங்காலம் ஆயர் ஈத்தாமுக்குப் போய், அந்தச் சிவப்பு நாற்காலிகளுக்கு ஒரு கும்பிடு போட்டு நன்றி சொல்லிவிட்டுத்தான் வீடு திரும்பினேன்.