கேட்டில் நின்று கேட்ட கேள்வி

புதுச்சேரி முதலியார்பேட்டை ஹேமலதாவைப் பற்றிச் சொல்லச் சொன்னால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அதைக் கொட்டிவிட்டு மகிழ்ச்சிக்கு வருகிறேன். நான் அவளுடைய பக்கத்து மேசை கிளார்க்.

எங்கள் அரசுத் துறையின் கணினிகளை இணையத் திருடர்களிடமிருந்து காப்பது அவள் வேலை. ஆனால் ஒப்பந்த ஊழியர்தான். ஒவ்வொரு மார்ச் மாதமும் ஒப்பந்தம் முடியும்போது, வேலை நீடிக்குமா என்று விசாரித்து அலைவாள். ஒரு பொங்கல் விடுமுறையில் யாரோ எங்கள் கோப்புகளையெல்லாம் முடக்கிவிட்டுப் பணம் கேட்டு மிரட்டினார்கள். அவள் தனியாக நகல் எடுத்து வைத்திருந்ததால்தான் அந்த மாதம் முதியோருக்கு உதவித்தொகை போனது. அதற்குத் துறை அவளுக்கு ஒரு சால்வை போர்த்தியது.

கடைசியில் அந்த வேலைக்கு நிரந்தரப் பதவி வந்தது. கணினிப் பாதுகாப்பு அதிகாரி. விளம்பரத்தைப் படித்ததும் எங்கள் சிரிப்பு அடங்கிவிட்டது. ‘கவசம்’ என்ற நிறுவனத்தின் சான்றிதழ் இருந்தால்தான் விண்ணப்பிக்கலாமாம். அதைக் கவசம் தன் ஊழியர்களுக்கு மட்டும்தான் தரும். எங்கள் துறைக்குப் பாதுகாப்பு மென்பொருள் விற்பதும் அதே கவசம். அதன் விற்பனை மேலாளர் வினோத்குமார் வாரம் ஒருமுறை இயக்குநர் அறையில் காபி குடித்துவிட்டுப் போவார். மற்ற தகுதிகளும் அளவெடுத்துத் தைத்தது போல அவருக்கே பொருந்தின. இனி எதை வாங்கலாம் என்று முடிவு செய்யப்போவதும் அந்த அதிகாரிதான். பூட்டு விற்கிறவன் காவல்காரனையும் சேர்த்து அனுப்பினால் அந்த வீடு உருப்படுமா?

ஹேமலதா இயக்குநர் ஜானகிராமனிடம் திரும்பத் திரும்பப் போய் நின்றாள். ஒவ்வொரு முறையும் “பாக்கறேம்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அவள் அம்மா செல்வாம்பாள் பஞ்சாலையில் நூற்புப் பிரிவில் இருந்தவர். ஆலையில் கேட் மீட்டிங் என்று ஒரு வழக்கம் உண்டு. ஷிப்ட் தொடங்குமுன் வாசலில் கூடி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, நேரத்துக்கு உள்ளே போய்விடுவார்கள். வேலையும் கெடாது, நிர்வாகமும் குறை சொல்ல முடியாது. ஆலை மூடிப் பல காலமாயிற்று. கணினி வேலைக்காக ஒருத்தி கேட் மீட்டிங் போடுவாள் என்று நாங்கள் கனவிலும் நினைக்கவில்லை.

அன்று காலை எங்கள் அலுவலக வாசலில் நிற்க இடமில்லை. ஒப்பந்த ஊழியர்கள், கதிர்காமத்திலிருந்தும் மேட்டுப்பாளையத்திலிருந்தும் வந்த கணினிப் பட்டதாரிகள் என்று ஒரே கூட்டம். டீக்கடை ஸ்டூலில் ஏறி நின்றாள் ஹேமலதா.

“இந்த வேலைய எனக்குக் குடுங்கன்னு நான் கேக்கல. எல்லாருக்கும் பரீட்ச வைங்க. தோத்தா நான் போயிடறேன். ஆனா கவசத்து ஆளு மட்டும்தான் அப்ளை பண்ணலாம்னு யாரு முடிவு பண்ணா? அத மட்டும் சொல்லுங்க.”

காரில் வந்து இறங்கிய இயக்குநருக்கு ரோஷம் வந்துவிட்டது. மனிதர் லஞ்சம் வாங்குகிறவரில்லை. அதை ஊருக்கே நிரூபிக்கும் வேகத்தில் கத்தினார்.

“இங்க யாரும் தப்புப் பண்ணல! நம்ம ஆளுங்களுக்கு இதுல என்னம்மா தெரியும்? அதான் என்ன தகுதி போடணும்னு கவசம் கம்பெனியையே கேட்டோம். அவங்களே டைப் அடிச்சுக் குடுத்துட்டாங்க. அதுக்கு ஒரு பைசா வாங்கல, தெரியுமா!”

கூட்டம் மொத்தமும் வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. அத்தனை செல்போன்களும் அவரைப் படம் பிடித்துக்கொண்டிருந்தன.

“ரொம்ப நன்றி சார்” என்று ஸ்டூலிலிருந்து இறங்கினாள் ஹேமலதா. “டூட்டிக்கு நேரமாச்சு, வாங்க போலாம்.”

மாலைக்குள் புதுச்சேரி முழுக்க அந்த வீடியோதான். விளம்பரம் ரத்தானது. கவசத்துக்குச் சம்பந்தமில்லாத குழு ஒன்று எல்லோருக்கும் பொதுவாகத் தேர்வு நடத்தியது. வினோத்குமாரும் எழுதினார். ஹேமலதா முதலிடம்! நான் அலுவலகம் என்றும் பாராமல் விசிலடித்தேன். செல்வாம்பாள் தெருவுக்கே கேசரி கிண்டிப் போட்டார்.

அவள் பதவியேற்ற வாரமே வினோத்குமார் வந்தார், மென்பொருள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க.

“மேடம், உங்க திறமைக்கு இது சின்ன எடம். எங்க கம்பெனிக்கு வந்துடுங்க. ரெண்டு மடங்கு சம்பளம்” என்றார்.

“எனக்குத்தான் வேல இருக்கே சார். உங்க சாப்ட்வேர்ல எங்கெங்க ஓட்ட இருக்குன்னு பாக்கற வேல” என்றாள் ஹேமலதா. “உக்காருங்க, ஆரம்பிக்கலாம்.”